மீண்டோர் எழுதிய நூல்கள்

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைப் பத்துக் குறட்பாக்களில் பாடி முடிக்கிறார். அவற்றுள் இறுதியில் நிற்கும் இரண்டினை, ஆசிரியத் தொழில் புரிவோர் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்த்தல் நன்று. போதையில் ஆழ்ந்தவனுக்குக் காரணம் காட்டி அறிவு புகட்ட முயல்வது, நீருள் மூழ்கிக் கிடப்பவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடுவது போலாகும் என்பது ஒன்றன் கருத்து. தான் தெளிந்திருக்கும் வேளையில், குடித்து மயங்கிய வேறொருவனைக் காணும்போதேனும், தன் நிலையும் இதுதானே என்று ஒருவன் எண்ணமாட்டானா என்று வினவுவது மற்றொன்று. முன்னது அறிவுரையின் எல்லையைக் காட்டுகிறது. பின்னது, அறிவுரை நுழையாத இடத்திலும் நுழையக்கூடிய ஒரு வாயிலைக் காட்டுகிறது. பிறன் ஒருவனுடைய நிலையைக் கண்ணாரக் காண்பதே அவ்வாயில்.

நேயர்களே, தெருவில் மயங்கிக் கிடப்பவனை எல்லோரும் காண்கிறோம். ஆனால் அவன் எப்படித் தொடங்கினான், வீட்டில் என்ன பொய் சொன்னான், எந்த இரவில் அழுதான், எவர் கையைப் பற்றி எழுந்தான் என்பனவற்றை நாம் காண்பதில்லை. அவற்றைக் காட்டுவன, போதைப் பழக்கத்தில் இளமையிலேயே வீழ்ந்து பின்னர் மீண்டவர்கள் தாமே எழுதிய வரலாறுகள். இத்தகைய நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும், எந்த அளவிற்கு நம்ப வேண்டும் என்பதையே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

இப்பொருளைத் தொலைவில் உள்ளது என்று எவரும் தள்ளிவிட இயலாது. புதுவையிலிருந்து கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது எங்கள் தவளக்குப்பம். பிரெஞ்சியர் ஆட்சி 1954-ஆம் ஆண்டில் நீங்கும் வரையில், எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் 1948 முதல் முழு மதுவிலக்கு. இப்பால் தடையில்லாத மதுக்கடை. அந்த நாளில் தொடங்கிய பெயர் எங்கள் மண்ணை இன்னும் விட்டபாடில்லை. மதுவை எதிர்த்து நிற்பதே பெரும் பாடாக இருக்கும் ஊர்களில், இப்போது அதனினும் நுண்ணிய பகை வந்து சேர்ந்திருக்கிறது. இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் நாடெங்கும் ஆய்வு நடத்தி 2019-இல் அறிக்கை வெளியிட்டனர். 10 வயது முதல் 75 வயது வரை உள்ளோரில் 100-க்கு 14.6 பேர் மது அருந்துகின்றனர் என்று அவ்வறிக்கை கூறியது. ஆயினும் ஓர் ஆசிரியனுடைய கண் நின்றுவிடும் இடம் வேறொன்று. முகர்ந்து மயங்கும் பொருள்கள், அதாவது பசை, எழுத்தழிக்கும் வெள்ளைத் திரவம், மெருகெண்ணெய்க் கரைப்பான் போன்றவை, பெரியோரைக் காட்டிலும் சிறுவரிடத்தே மிகுதியாகப் பரவியிருந்தன. 10 முதல் 17 வயது வரை உள்ளோரில் 100-க்கு 1.7 பேர், பெரியோரில் 1 பேர்கூட இல்லை. எழுதுபொருள் கடையில் யாரும் கேள்வி கேளாமல் கொடுக்கும் பொருள்களே இவை.

இனி நூல்களுக்கு வருவோம். இவ்வகை எழுத்திற்கு ஐரோப்பாவில் முன்னோடியாக நின்றவர் தாமஸ் டி குவின்சி என்னும் ஆங்கிலேயர். 1804-ஆம் ஆண்டில், 19 வயது மாணவராக இருந்தபோது, முகத்தில் எழுந்த கடும் வலி தீர்வதற்காக இலண்டன் மருந்துக் கடையொன்றில் அபினி வாங்கினார். அக்காலத்தில் அதற்குத் தடையில்லை. வலி தீர்ந்தது, வேறொன்று பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளில் அது நாள்தோறும் வேண்டும் பொருளாயிற்று. 1821-இல் அவர் தம் கதையை ஓர் இலண்டன் இதழில் இரு பகுதிகளாக வெளியிட்டார். மறு ஆண்டில் அது நூலாயிற்று. அபினி தந்த இன்பங்களை ஒரு பகுதியிலும், அது விளைத்த துன்பங்களை மற்றொரு பகுதியிலும் வைத்தார். பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், 1860-இல் வெளியிட்ட தம் செயற்கைச் சொர்க்கங்கள் என்னும் நூலின் ஒரு பகுதியை இவரைப் பின்பற்றியே எழுதினார்.

டி குவின்சியின் நூலிலேயே இவ்வகை எழுத்தின் இரண்டு இடர்களும் தோன்றிவிட்டன. முதலாவது, இன்பத்தைக் கூறும் பகுதி அழகாக இருந்துவிடுவது. துன்பப் பகுதியைப் படிக்கும் பொறுமை எல்லா வாசகருக்கும் இருப்பதில்லை. இரண்டாவது, நூல் முடியும் இடத்தில் ஆசிரியர் வென்றுவிட்டார் போலத் தோன்றுவது. உண்மையில் அவர் அபினியை முற்றும் விட்டுவிடவில்லை. நூல் வெளிவந்த ஓராண்டிற்குள் அதனைத் தாமே ஒப்புக்கொண்டார். 1859-இல் இறக்கும் வரை அப்பழக்கம் கூடியும் குறைந்தும் அவருடன் இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கம் வாழ்க்கையின் கடைசிப் பக்கம் அன்று என்பதை முதற்பாடமாகக் கொள்வோம்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இளையோரே தம் வாயால் சொன்ன கதைகள் வரத் தொடங்கின. அவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது, கிறிஸ்டியானே என்னும் செர்மானியப் பெண்ணின் கதை. பள்ளியில் கற்ற பிரெஞ்சு மொழி எனக்குச் செய்த உதவிகளுள், அந்நூலை அம்மொழிபெயர்ப்பில் படிக்க முடிந்ததும் ஒன்று. மேற்குப் பெர்லின் நகரில், வானளாவிய அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புறநகரொன்றில் வளர்ந்தவள் அவள். தந்தை கைநீட்டும் இயல்பினர். பெற்றோர் பிரிந்தனர். தாய் வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காத்தாள். 12 வயதில் இளைஞர் கூடுமிடம் ஒன்றில் கஞ்சாப் பிசினைப் புகைத்தாள். 13 வயதில் ஹெராயினைத் தொட்டாள். அதனை வாங்கப் பணம் வேண்டி, 14 வயதிற்குள் சொல்லக் கூசும் நிலைக்கு இரயில் நிலைய வாசலில் வந்து நின்றாள். நீதிமன்றத்திற்குச் சாட்சி சொல்ல வந்தபோது, இதழாளர் இருவர் அவளைச் சந்தித்தனர். இரண்டு மணி நேரம் பேசலாம் என்று தொடங்கிய உரையாடல் இரண்டு மாதங்கள் நீண்டது. 1978-இல் அது நூலாயிற்று. பின்னர்ச் செர்மானியப் பள்ளிகளிலும் படிக்கப்பட்டது.

அந்நூலைப் படிப்பவர், ஹெராயினைப் பற்றி அறிவதற்கு முன்பே தனிமையைப் பற்றி அறிந்துகொள்வர். விளையாட இடமில்லாத குடியிருப்பு; புல்லின் மீது நடக்காதே என்னும் பலகைகள்; வீட்டிற்குத் திரும்பினால் ஆளில்லாத அறை. எங்கேனும் ஒரு கூட்டம் தன்னைத் தன்னவளாக ஏற்றுக்கொள்ளாதா என்று ஏங்கிய சிறுமிக்கு, ஏற்றுக்கொண்ட முதற் கூட்டம் அப்படிப்பட்டதாக அமைந்துவிட்டது. கெட்ட பிள்ளைகளே கெட்டுப்போவார்கள் என்று எண்ணியிருப்போருக்கு இந்நூல் நல்ல மருந்து. வேறொரு சிறப்பும் இதற்கு உண்டு. மகளின் சொற்களுக்கு இடையிடையே தாயின் சொற்களும் வருகின்றன. ஒரே வீட்டில் இருந்தும், ஒரே மேசையில் உணவருந்தியும், ஒருத்திக்குத் தெரிந்தது மற்றொருத்திக்கு நெடுநாள் தெரியாமலேயே இருந்தது. அத்தாய் அன்பில்லாதவள் அல்லள். உழைத்துக் களைத்தவள். நம் ஊர்களில் அத்தகைய தாய்மார் எத்தனை பேர்!

அவ்வளவு தொலைவு செல்வானேன், நம் நாட்டிலேயே ஒரு பெரியவர் எழுதி வைத்திருக்கிறார் அன்றோ? காந்தியடிகளின் சத்திய சோதனையை நாம் தேசத் தலைவர் ஒருவரின் வரலாறாகவே படிக்கிறோம். பழக்கத்தில் விழுந்த ஒரு சிறுவனின் வரலாறாகவும் அதன் தொடக்க இயல்களைப் படிக்கலாம். 12, 13 வயதளவில் அவரும் உறவினர் ஒருவரும், சிற்றப்பா புகைத்தெறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தனர். துண்டுகள் போதாமையால் வேலையாளின் காசைத் திருடினர். பெரியோர் இசைவின்றி எதுவும் செய்ய முடியவில்லையே என்னும் வெறுப்பு முற்றி, உயிரை விடவும் துணிந்து, பின் அஞ்சித் திரும்பினர். 15 வயதளவில் மீண்டும் ஒரு திருட்டு. அண்ணன் பட்ட 25 ரூபாய்க் கடனைத் தீர்க்க, அண்ணனின் கைக்காப்பிலிருந்தே சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். அந்தச் சுமை தாங்காமல், குற்றத்தை எழுதி, நோயுற்றுக் கிடந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஓர் ஏச்சும் இல்லை, ஓர் அடியும் இல்லை.

இந்தப் பகுதியை ஒரு மாணவன் எவ்வாறு ஏற்றான் என்பதைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பின்னும், மாலை வேளையில் சில பிள்ளைகளுடன் அமர்ந்து படிப்பது என் வழக்கம். ஒருநாள் என்னிடம் முன்னாளில் படித்த ஒருவர், இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தை, தயங்கித் தயங்கி வந்தார். "ஐயா, பையனோட பையில பஞ்சர் ஒட்டுற பசை நாலஞ்சு டியூப்பு கிடந்தது. எங்க வீட்டுல சைக்கிளே கிடையாதுங்க" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். அவ்வாறே செய்தார். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து அப்பையன் எங்கள் மாலைப் படிப்பில் வந்து அமர்ந்தான். பலநாள் வாய் திறவாதவன், காந்தியடிகள் தாளை நீட்டிய இடத்தைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அவங்க அப்பா அடிக்கவே இல்லீங்களா சார்?" இல்லை என்றேன். அவன் அந்தப் பக்கத்தைத் தனக்குள் மறுமுறையும் படித்தான். அன்று நான் வேறு பாடம் நடத்தவில்லை. தந்தையை வீட்டிற்கு வருவித்து, அதே பக்கத்தை அவரையும் படிக்கச் சொன்னேன்.

போதையின் கதையில் முதலிற் சாவது உண்மை. பசையோ, அபினியோ, ஹெராயினோ, பொருள் எதுவாயினும், அதனோடு ஒட்டி வருவது பொய். பொய் சொல்பவன் தான் பிடிபட்டுவிடுவோம் என்று அஞ்சுகிறான். அஞ்சுவதனால் மேலும் பொய் சொல்கிறான். அந்தத் தனிமைக்கு மருந்தாகப் போதையையே நாடுகிறான். இவ்வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் அறுபட வேண்டும். உண்மையைச் சொன்னால் வீடு தன்னைத் தாங்கும் என்னும் நம்பிக்கை பிறக்கும் இடமே அது. மீண்டவர்கள் எழுதிய நூல்களில் இந்த இடத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்று மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நான் சொல்வதுண்டு.

பெற்றோர்க்கென்றே இரு நூல்கள் சேர்ந்து கிடைத்திருக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஷெஃப் என்பவருடைய மகன் நிக், மெத்தம்பிட்டமின் என்னும் கொடிய பொருளுக்கு அடிமையானான். தந்தை தம் நூலையும், மகன் தன் நூலையும் எழுதினர். இரண்டும் 2008-இல் வெளிவந்தன. தொலைபேசி மணி ஒலிக்கும்போதெல்லாம் நடுங்கிய தந்தையை ஒரு நூலில் காண்கிறோம்; அதே இரவில் மகன் எங்கே இருந்தான் என்பதை மற்றொரு நூலில் காண்கிறோம். தந்தை முதலில், எங்கே தவறினோம் என்று தம்மையே குற்றம் சாட்டிக்கொள்கிறார். அடுத்து, எப்படியாவது மகனைக் கட்டிக் காத்துவிடலாம் என்று முயல்கிறார். குடிநோயாளரின் குடும்பத்தார்க்காக அமெரிக்காவில் 1951-இல் தோன்றிய அமைப்பு ஒன்றில் சொல்லித் தரும் மூன்று உண்மைகளை அவர் மெல்ல மெல்லக் கற்கிறார்: இதனை உண்டாக்கியவர் நீங்கள் அல்லர்; இதனை அடக்கும் ஆற்றல் உங்களிடம் இல்லை; இதனைக் குணப்படுத்தவும் உங்களால் இயலாது. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும் இச்சொற்கள், உண்மையில் ஒரு பெரும் பாரத்தை இறக்கிவைக்கின்றன. பாரம் இறங்கிய பின்னரே அன்பு செலுத்தவும், தக்க உதவியைத் தேடவும் பெற்றோர்க்குத் தெம்பு வருகிறது.

நிக் தன் முதல் நூலோடு நின்றுவிடவில்லை. 2011-இல் எழுதிய இரண்டாம் நூலில், தான் மீண்டும் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னான். முன்பு குறித்த கிறிஸ்டியானேயும் 2013-இல், நடுவயதுப் பெண்ணாக, தன் பிற்கால வாழ்வை எழுதினாள். அதில் முழு வெற்றியைக் காண முடியவில்லை. இவற்றைப் படித்துச் சோர்ந்துவிட வேண்டா. போதை அடிமைத்தனம் நாட்பட்ட நோய் என்று மருத்துவம் இன்று கூறுகிறது. சிகிச்சை பெற்றவருள் 100-க்கு 40 முதல் 60 பேர் வரை ஒருமுறையேனும் பழைய பழக்கத்திற்குத் திரும்புவதுண்டு என்பது அமெரிக்கப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. இரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருந்தையும் பத்தியத்தையும் கைவிட்டு மீண்டும் நோயுறும் அளவை விட இது மிகுதியன்று. இரத்தக் கொதிப்பு மீண்டும் ஏறினால் மருத்துவரிடம் செல்கிறோம். நோயாளியை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. அதே நீதி இங்கும் வேண்டும்.

இனி, நம்பிக்கை என்னும் செய்தி. தன்வரலாறு என்று அட்டையில் அச்சிட்டிருப்பதெல்லாம் வரலாறு ஆகிவிடாது. 1971-இல் அமெரிக்காவில், பெயர் சொல்லாத ஒரு சிறுமியின் நாட்குறிப்பு என்று ஒரு நூல் வெளிவந்தது. போதையில் வீழ்ந்து மாண்டவளின் சொந்தக் கையெழுத்து என்று எண்ணி இலட்சக்கணக்கானோர் கண்ணீர் விட்டனர். நாளடைவில், அதன் பின்னால் இருந்தவர் பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்னும் நடுவயது அம்மையார் என்பது வெளிப்பட்டது. இன்று அதனைப் புனைகதை வரிசையிலேயே வைக்கின்றனர். 2003-இல் ஜேம்ஸ் ஃப்ரே என்பவர் தம் மீட்சி வரலாறு என்று ஒரு நூல் வெளியிட்டார். 2005-இல் ஓப்ரா வின்ஃப்ரி என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சி அம்மையார் அதனைப் பாராட்டவே, நூல் பெருகி விற்றது. 2006 சனவரியில் ஓர் இணையத்தளம் காவல்துறை ஏடுகளைப் புரட்டிப் பார்த்து எழுதியது. மாதக்கணக்கில் சிறையிருந்ததாக எழுதியது, உண்மையில் சில மணி நேரக் காவல் என்று தெரிந்தது. பதிப்பாளர், வேண்டுவோர்க்கு நூலின் விலையைத் திருப்பித் தர முன்வர வேண்டியதாயிற்று.

அச்சமூட்டத்தானே எழுதினார்கள், நன்மைக்காகச் சொன்ன பொய் என்று விட்டுவிடலாகாதா என்று கேட்போர் உண்டு. விடலாகாது. இளைஞர்கள் பொய்யை மோப்பம் பிடிப்பதில் வல்லவர்கள். ஒருமுறை தொட்டாலே பைத்தியம் பிடித்துவிடும் என்று நூல் சொல்கிறது. தெருமுனையில் நிற்கும் நண்பனோ பத்துமுறை தொட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அந்நொடியே மாணவன் நூலையும் நம்புவதில்லை, நூலைக் கொடுத்த ஆசிரியரையும் நம்புவதில்லை. பிறகு நாம் சொல்லும் உண்மையும் அவன் செவியில் ஏறாது. முகரும் பசையினால் முதல் முறையிலேயே நெஞ்சின் துடிப்பு தடுமாறி இறந்தவர்கள் உண்டு, இஃது உண்மை. ஆனால் பொய்களோடு கலந்து சொன்னால் இதனையும் பொய்யென்றே தள்ளிவிடுவான். ஆகவே, நூலொன்றை மாணவன் கையில் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதை எழுதியவர் யார் என்பது தெரிகிறதா? ஊர், ஆண்டு, உடனிருந்தோர் ஆகிய செய்திகள் சரிபார்க்கத் தக்கனவாக இருக்கின்றனவா? தம்மை வீரராகவோ பெரும் பாவியாகவோ மிகுத்துக் காட்டாமல், சிறுமையையும் சலிப்பையும் கூட எழுதியிருக்கிறாரா? மூன்றாம் கேள்வியே தலையாயது. உண்மையான நூல்களில் பெரும்பகுதி சலிப்பாகவே இருக்கும். போதையின் வாழ்க்கை, காசு தேடுவதும், பொருள் தேடுவதும், பொய் சொல்வதுமாக ஒரே சுற்றில் சுற்றுவது. அந்தச் சலிப்பை மறைத்துச் சாகசமாக்கும் நூல் ஐயத்திற்குரியது.

சாகசமாகப் படிப்பதனால் வரும் கேட்டிற்குச் சான்றும் உண்டு. கிறிஸ்டியானேயின் கதை 1981-இல் திரைப்படமாகவும் வந்தபோது, அவளைப் போலவே உடையணிந்து, அந்த இரயில் நிலையத்தைக் காண வந்த பெண்களும் இருந்தனர். எச்சரிக்கைப் பலகையையே வழிகாட்டிப் பலகையாகக் கொண்டனர் போலும்! ஆகையால் இந்நூல்களைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடுதல் கூடாது. மூத்தவர் முன்னமே படித்திருக்க வேண்டும். உடனிருந்து படிக்க வேண்டும். எந்தப் பொருளை எப்படி உட்கொண்டார் என்னும் விவரங்களை விரைந்து கடந்துவிட்டு, ஏன் தொடங்கினார், யாரிடம் மறைத்தார், யார் கைகொடுத்தார் என்பவற்றில் நின்று பேச வேண்டும். பேசும்போது, நீ இப்படிச் செய்கிறாயா என்று விரல் நீட்டலாகாது. நூலில் வரும் பிள்ளையைப் பற்றியே பேசினால் போதும். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவனே ஒருநாள் சொல்வான்.

படிப்பின் எல்லையையும் இங்கே வரையறுத்துச் சொல்லிவிட வேண்டும். நூல் கண்ணைத் திறக்கும், நோயைத் தீர்க்காது. நம் மூளையில் இன்ப உணர்வை ஊட்டும் டோபமின் என்னும் பொருள் ஒன்று சுரக்கிறது. பசிக்கு உணவு கிடைத்தாலும், பந்தயத்தில் வென்றாலும் அளவோடு சுரப்பது, போதைப்பொருளால் அளவின்றிப் பெருகுகிறது. நாட்பட நாட்பட, மற்ற இன்பங்களுக்கு மூளை அசையாத நிலை வருகிறது. ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் முன்மூளைப் பகுதியோ 25 வயதளவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. கடிவாளம் முற்றுப்பெறாத குதிரைக்குச் சாட்டையை மட்டும் கொடுத்தது போன்ற நிலை இளைஞருடையது. இந்நிலையில் உள்ளவனை மனவுறுதி இல்லாதவன் என்று பழிப்பதால் பயனில்லை, மருத்துவம் வேண்டும்.

அம்மருத்துவத்திற்கு வழி காட்டியவர்களுள் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவரைப் போற்றாமல் இருத்தல் இயலாது. சாந்தி ரங்கநாதன் அம்மையாரின் கணவர் டி. டி. ரங்கநாதன் மதுப்பழக்கத்தால் 1979-இல் இளமையிலேயே மறைந்தார். அந்நாளில் இதனை நோயென்று கருதுவோர் நம்மிடையே மிகச் சிலர். துயரத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளாமல், 1980-இல் கணவர் பெயராலேயே சென்னையில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அதன் டி. டி. கே. மருத்துவமனையில், நோயாளருக்கு அளிக்கும் சிகிச்சையோடு அவர் குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி உண்டு. இந்திய அரசு அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. குடும்பமும் நோயாளியே, குடும்பத்திற்கும் மருத்துவம் வேண்டும் என்னும் உண்மையை, தந்தையும் மகனும் எழுதிய அமெரிக்க நூல்கள் வெளிவருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்னரே நம் மண்ணில் செயலாக்கியவர் அவர். புதுவை மக்களுக்கு ஜிப்மர் மருத்துவமனையின் மனநல மருத்துவத் துறை அண்மையிலேயே உள்ளது. நாடு முழுவதற்கும் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அறிவுரை கிடைக்கிறது. இந்த எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால், பொன்மொழிகள் பலவற்றினும் பயன் தரும்.

இறுதியாக ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நான் குறித்த நூல்களில் பெரும்பாலானவை பிற நாட்டில், பிற மொழியில் பிறந்தவை. தமிழில் தம் குறைகளை ஒளிக்காது எழுதியோர் இல்லாமற் போகவில்லை. கவிஞர் கண்ணதாசன் தம்மையே 'அவன்' என்று படர்க்கையில் வைத்து எழுதிய வனவாசம் அத்தகையது. ஆனால் போதையில் வீழ்ந்து மீண்ட இளைஞனோ, அவன் தாயோ எழுதிய தமிழ் நூல்கள் மிக அரிது. காரணம் எழுத்தாற்றல் இன்மை அன்று, குடும்பத்தின் மானம். தங்கைக்கு வரன் தேட வேண்டுமே, பையனுக்கு வேலை கிடைக்க வேண்டுமே, ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம். அந்த அச்சம் பொருளற்றது என்று நான் சொல்லமாட்டேன். மீண்டு வந்தவனுக்கும் பழைய பெயரைச் சூட்டும் ஊரில், உண்மையை எழுது என்று அவனை மட்டும் ஏவுவது நீதியாகாது.

ஆதலின் கடமை முதலில் வாசகர்களாகிய நம்முடையது. பிறநாட்டுப் பிள்ளையின் கதையைப் படித்துக் கண் கலங்கும் நாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவனை எந்த முகத்தோடு பார்க்கிறோம்? வேலை கேட்டு வந்தால் எந்தச் சொல்லால் விடை தருகிறோம்? படித்த நூல் நம்மைத் திருத்தியிருக்கிறதா என்பதற்கு இவையே தேர்வு. அத்தேர்வில் ஊர் தேறுமானால், அச்சமின்றித் தன் கதையைத் தமிழில் எழுத ஒருவன் முன்வருவான். தெளிந்த வேளையில் அதனைப் படிக்கும் மற்றொருவன், வள்ளுவர் எதிர்பார்த்தபடி, தன்னை எண்ணிப் பார்ப்பான்.